இடுப்புக்கு மேலே

தில்லைநகரில் ஒரு வீட்டு ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவே தரையில் உட்கார்ந்துதான் நான் டாம் அண்ட் ஜெர்ரி பார்த்து வளர்ந்தேன். அது எங்கள் வீடு இல்லை, அம்மா வேலை பார்த்த வீடு. எங்கள் வீடு உறையூரில் இருந்தது. அங்கே கேபிள் கிடையாது. பள்ளிக்கூடம் விட்டதும் நேராகத் தில்லைநகர் போய்விடுவேன். அம்மா பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்து, துணி மடித்து முடிக்க ஆறரை ஆகிவிடும். அதுவரைக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு நானும் கார்ட்டூன் பார்ப்பேன். 1998, 99 சமயம். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த வீட்டுக்குள் அம்மா செருப்பு போட மாட்டார். பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே வருவார். ஈரத்திலேயே நின்று விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண் வந்திருக்கும். மாப் கட்டையோடு அவர் டிவிக்கு முன்னால் கடந்து போகும்போது தரையில் இருக்கும் என் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கால்கள்தான்.

டிவியிலும் இரண்டு கால்கள் வரும். தடித்த, கறுத்த கால்கள். மடித்துவிட்ட காலுறை, வீட்டுச் செருப்பு, பாவாடை, அதன்மேல் ஏப்ரன், கையில் துடைப்பம். இடுப்புக்கு மேலே படம் போகாது. குரல் மட்டும் வீடு அதிரும்படி கேட்கும். "தாமஸ்!" என்று ஒரு கத்தல். டாம் எங்கேயாவது போய் ஒளிந்துகொள்வான். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரை "ஆயா" என்பார்கள். நானும் அப்படியே சொன்னேன். அவருக்கு ஒரு முகம் இருக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது ஏன் தோன்றவில்லை என்று பிற்பாடு பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்த யோசனைதான் இந்தக் கட்டுரை.

அவர் முதன்முதலில் திரைக்கு வந்தது 1940 பிப்ரவரி 10ஆம் தேதி. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும் எம்ஜிஎம் ஸ்டுடியோவில் சேர்ந்து செய்த முதல் பூனை எலிப் படம் அது. பூனைக்கு அப்போது டாம் என்ற பெயர்கூட இல்லை, ஜாஸ்பர் என்று கூப்பிடுவார்கள். இன்னும் ஒரு சாமானை உடைத்தால் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதுதான் என்று அந்த அம்மா பூனையை மிரட்டுகிறார். மிரட்டும்போது 'அவுட்' என்ற சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்கிறார். 'ஓ, யூ, டி' என்று வர வேண்டியதை 'ஓ, டபிள்யூ, டி' என்கிறார். அரங்கம் சிரிப்பதற்காக எழுதிய இடம் அது. எழுதப் படிக்கத் தெரியாத கறுப்பினப் பெண் என்பதுதான் அங்கே நகைச்சுவை.

அதே மாதம் 29ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஆஸ்கர் விழா நடந்தது. 'கான் வித் தி விண்ட்' படத்தில் நடித்த ஹாட்டி மெக்டேனியலுக்குச் சிறந்த துணை நடிகை விருது கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். வாங்கிக் கொடுத்த வேடமும் வீட்டு வேலை செய்யும் பெண் வேடம்தான். விழா நடந்த அம்பாசடர் ஹோட்டலில் கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை. தயாரிப்பாளர் தனியாகச் சொல்லி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. தன்னோடு நடித்தவர்கள் உட்கார்ந்த மேசையில் அவருக்கு இடமில்லை, சுவரோரமாக ஒரு சின்ன மேசை போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் படத்தை விநியோகித்ததும் எம்ஜிஎம்தான். ஒரே நிறுவனம், ஒரே மாதம். ஒரு பெண்ணுக்குச் சுவரோரம் இடம், இன்னொருத்திக்கு இடுப்புவரை இடம். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அன்றிலிருந்து என்னால் பிரித்து நினைக்க முடிந்ததில்லை.

ஸ்டுடியோக்காரர்கள் இந்தக் கார்ட்டூன் பெண்ணுக்கு வைத்த பெயர் 'மாமி டூ ஷூஸ்'. நம் ஊர் மாமி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை இருந்த காலத்தில் எஜமானர் வீட்டுப் பிள்ளைகளை வளர்த்த கறுப்பினப் பெண்களுக்கு வைத்த பெயர் அது. பருத்த உடம்பு, தலையில் துணிக்கட்டு, வாய் நிறையச் சிரிப்பு, தன் குடும்பம் தன் ஆசை என்று எதுவும் இல்லாத விசுவாசம். அடிமைத்தனம் அப்படியொன்றும் கொடுமையாக இருக்கவில்லை என்று நம்ப விரும்பியவர்களுக்கு இந்த உருவம் தேவைப்பட்டது. அடிமைமுறை ஒழிந்த பிறகும் மேடையில், விளம்பரத்தில், அப்பம் செய்கிற மாவுப் பொட்டலத்தில் அது தொடர்ந்தது. 'ஆன்ட் ஜெமிமா' என்ற அந்த மாவு 1889இல் வந்தது. அந்தப் பெயரையும் படத்தையும் எடுத்துவிடுகிறோம் என்று நிறுவனம் அறிவித்தது 2020இல். நூற்று முப்பது வருடம்.

கார்ட்டூன் உலகமும் இந்த மேடை வழக்கத்திலிருந்து பிறந்ததுதான். வெள்ளைக்காரர்கள் எரித்த தக்கையைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டு, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்டு, வெள்ளைக் கையுறை போட்டு, கறுப்பினத்தவரைப் போலப் பேசி ஆடும் கூத்து 1830களிலிருந்து அமெரிக்காவில் பெரிய வியாபாரம். வார்னர் ஸ்டுடியோவின் லூனி டியூன்ஸ் கார்ட்டூன் வரிசையின் முதல் நட்சத்திரம் பாஸ்கோ அந்த மேடையிலிருந்து நேராக இறங்கி வந்தவன். பதிப்புரிமைக்குப் பதிவு செய்தபோதே அவனைக் கறுப்பினச் சிறுவன் என்றுதான் குறித்திருக்கிறார்கள். பாஸ்கோவை உருவாக்கிய இருவரில் ஒருவர் ருடால்ஃப் ஐசிங். 1940இல் வந்த அந்த முதல் பூனை எலிப் படத்தின் தயாரிப்பாளரும் இதே ஐசிங்தான். முகமில்லாத வேலைக்காரப் பெண்ணும் எம்ஜிஎம் கண்டுபிடிப்பு இல்லை. 1935இல் டிஸ்னி எடுத்த ஒரு பூனைக்குட்டிப் படத்திலேயே அப்படி ஒருவர் வந்துவிட்டார். அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது.

முகத்தைக் காட்டாததற்கு ஒரு சமாதானம் சொல்வார்கள். இவை பூனை, எலியின் கண் மட்டத்தில் நடக்கிற கதைகள், அவற்றின் உயரத்திலிருந்து பார்த்தால் மனிதர்களின் கால்தானே தெரியும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் கொஞ்ச காலம் நம்பினேன். அப்புறம் 1943இல் வந்த ஒரு படத்தைத் திரும்பப் பார்த்தேன். அதில் நான்சி என்று ஒரு வெள்ளைக்காரச் சிறுமி வருகிறாள். டாமுக்குக் குழந்தை உடுப்பு மாட்டித் தொட்டிலில் படுக்க வைக்கிறாள். அவளுக்கு முழு முகம் இருக்கிறது. அதே பூனை, அதே எலி, அதே உயரம்தான். 1956இலும் 58இலும் வருகிற ஜீனி என்ற பெண், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்துவிட்டு நாளெல்லாம் போனில் பேசிக்கொண்டிருப்பவள், அவளுக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு. அதற்குமேல் அந்தச் சமாதானத்தை நம்ப என்னால் முடியவில்லை.

மொத்தம் 19 படங்களில் அந்தக் கால்கள் வருகின்றன. 1940இல் தொடங்கி 1952 வரைக்கும். ஹன்னாவும் பார்பெராவும் எம்ஜிஎம்முக்காக எடுத்த 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்களில் ஆறில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் லிலியன் ராண்டால்ஃப். படத்தின் தொடக்க அட்டைகளில் அவர் பெயர் இருக்காது.

இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டென்னசி மாநிலத்தின் நாக்ஸ்வில்லில் 1898இல் பிறந்தவர். அக்கா அமாண்டாவும் நடிகை, பாடகி. லிலியன் டெட்ராய்ட் நகரத்தின் டபிள்யூஎக்ஸ்ஒய்இசட் வானொலி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கிருந்த வெள்ளைக்கார இயக்குநர் ஒருவர் மூன்று மாதம் அவருக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார். என்ன பயிற்சி என்றால், கறுப்பினத்தவர் மாதிரிப் பேசுவதற்கு. பிறந்ததிலிருந்து கறுப்பினப் பெண்ணாகவே வாழ்ந்த ஒருவருக்கு, வானொலி கேட்கும் வெள்ளைக்காரர்கள் மனதில் இருக்கும் கறுப்பினப் பெண் எப்படிப் பேசுவாள் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 'ஓ, டபிள்யூ, டி' என்று நாம் கேட்பது அந்தப் பாடத்தின் விளைவு. அது அவருடைய சொந்தப் பேச்சு இல்லை, கற்றுக்கொண்ட தொழில்.

அந்தத் தொழிலில் அவர் கெட்டிக்காரர் என்பதையும் சொல்லியாக வேண்டும். காலும் துடைப்பமும் மட்டுமே கொண்ட ஒரு பாத்திரம் இத்தனை வருடம் கழித்தும் என் காதில் நிற்கிறதென்றால் அது வெறும் குரலால் நடந்த வேலை. அதட்டலுக்குள் ஒரு சலிப்பு, சலிப்புக்குள் அந்தப் பூனைமேல் ஒரு ஒட்டுதல். இரவில் சத்தம் கேட்டு எழுந்து வருகிற காட்சிகளில் அந்தக் குரலில் தூக்கக் கலக்கம்கூடத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த கிறிஸ்துமஸ் படத்தைப் பார்க்கலாம். அதிலும் வீட்டு வேலை செய்யும் ஆனி. கடைசிக் காட்சியில் ஊரே வந்து நாயகனுக்குப் பணம் கொடுக்கும்போது அவரும் தன் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டுகிறார். எப்போதாவது கணவன் கிடைத்தால் விவாகரத்துக்கு ஆகுமே என்று சேர்த்து வைத்திருந்த பணமாம். நாலைந்து நொடிதான். ஆனால் அவர் கண்ணில் இருக்கிற குறும்பு அந்தக் காட்சியையே தூக்கிவிடுகிறது. இந்தக் கண்களை வைத்துக்கொண்டுதான் 19 படங்களில் காலை மட்டும் வரைந்தார்கள்.

அந்த வருடமே கறுப்பினத்தவருக்கான எபனி பத்திரிகை, வானொலித் தொடரொன்றில் அவர் செய்துவந்த சமையல்காரி வேடத்தைக் கண்டித்து எழுதியது. அவரும் பதில் எழுதினார். இந்தச் சண்டை அவர் ஒருவருடையது மட்டும் இல்லை. கறுப்பினத்தவர் உரிமைக்கான என்ஏஏசிபி அமைப்பின் செயலாளர் வால்டர் வைட் 1942இல் ஹாலிவுட் போய் ஸ்டுடியோ முதலாளிகளைச் சந்தித்தார். எங்களை வேலைக்காரர்களாகவும் கோமாளிகளாகவும் மட்டும் காட்டாதீர்கள் என்று கேட்டார். அந்த வேடங்களால்தான் வாழ்ந்துகொண்டிருந்த நடிகர்களுக்கு அடிவயிறு கலங்கியது. வேலைக்காரியாக நடித்தால் வாரம் 700 டாலர், வேலைக்காரியாகவே இருந்தால் 7 டாலர் என்று ஹாட்டி மெக்டேனியல் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. இதில் யார் பக்கம் நிற்பது என்று என்னைக் கேட்டால் என்னால் ஒரு பக்கம் நிற்க முடியவில்லை. வைட் கேட்டது நூற்றுக்கு நூறு நியாயம். ஆனால் வேலை போய்விடுமோ என்று ஒரு பெண் பயப்படும்போது அவளைப் பார்த்து உனக்கு மானமில்லையா என்று கேட்க எனக்கு வாய் வராது. சேற்றுப்புண்ணோடு மறுநாளும் வேலைக்குப் போன கால்களைப் பார்த்தவள் நான்.

1952க்குப் பிறகு அந்தக் கால்கள் வரவில்லை. அதற்குப் பிறகு நடந்தது என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. 1960களில் தொலைக்காட்சிக்காக அவர் வரும் படங்கள் சிலவற்றை எடுத்து, அவர் இருந்த இடங்களில் மட்டும் வேறு பெண்ணை வரைந்து ஒட்டினார்கள். ஒரு படத்தில் ஒல்லியான வெள்ளைக்கார இளம்பெண். வேறு சிலவற்றில் அயர்லாந்து உச்சரிப்பில் பேசும் வெள்ளைக்கார வேலைக்காரப் பெண். குரலை ஜூன் ஃபொரே புதிதாகக் கொடுத்தார். 1990களில் இன்னொரு சுற்று. இந்த முறை படத்தை விட்டுவிட்டு லிலியனின் குரலை எடுத்துவிட்டு, தியா விடேல் என்ற கறுப்பின நகைச்சுவை நடிகையைக் கொண்டு கொச்சை குறைந்த வசனங்களைப் பேச வைத்தார்கள். நல்லெண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதலில் முகத்தைக் கொடுக்கவில்லை. பிறகு உடம்பை எடுத்தார்கள். அப்புறம் குரலையும் எடுத்தார்கள். கேவலப்படுத்தியதைத் திருத்துகிறேன் என்று இறங்கி, உழைத்தவளையே துடைத்துவிட்டார்கள்.

கரிமுகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெடி வெடிக்கும், அடுப்பு வெடிக்கும், சுருட்டு வெடிக்கும். புகை அடங்கியதும் டாமின் முகம் கன்னங்கரேலென்று, உதடு மட்டும் பெரிதாக, சில சமயம் முடியெல்லாம் குட்டிக் குட்டிச் சடையாகி நிற்கும். அந்தச் சடையும் அந்த உதடும் புகையால் வருவதில்லை. அவை எரித்த தக்கை பூசிய மேடையிலிருந்து வந்தவை. 1946இல் வந்த ஒரு படத்தில் ஜெர்ரியும் குட்டி எலியும் ஷூ பாலிஷைப் பூசிக்கொண்டு கறுப்பினத் தம்பதி போல நடித்து டாமை ஏமாற்றுகின்றன. இதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது கரி பூசிய முகம் என்றால் சிரிப்பு என்பது. அதைச் சொல்லித்தர அமெரிக்கா தேவைப்படவில்லை. முகத்தில் கரியைப் பூசிவிட்டான் என்றால் தமிழில் மானம் போனது என்றுதான் பொருள். எங்கள் வகுப்பில் என்னை விடக் கறுத்த பிள்ளைகள் இரண்டு பேர் இருந்தார்கள். எங்கள் மூன்று பேரையும் "கரிச்சட்டி" என்பார்கள். மறுநாள் டாமின் கரிமுகத்தைப் பார்த்து நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்கு அப்போது எட்டு வயது. சிரித்த அந்தக் குழந்தைமேல் எனக்குக் கோபமில்லை. அவளிடம் யாராவது வந்து இது என்னவென்று சொல்லியிருக்கலாமே என்றுதான் இருக்கிறது.

1948இல் வந்த ஒரு படத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த அம்மா வீடு முழுவதையும் துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கிறார். வெளியே கிளம்பும்போது, திரும்பி வரும்வரை ஒரு பொட்டு அழுக்குகூட இருக்கக்கூடாது என்று டாமிடம் சொல்லிவிட்டுப் போகிறார். ஜெர்ரி வேண்டுமென்றே மையைத் தெளிக்கிறான், சாம்பலைக் கொட்டுகிறான். டாம் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோகிறான். கடைசியில் ஒரு லாரி நிலக்கரி ஜன்னல் வழியாக வீட்டுக்குள் கொட்டுகிறது. நிலக்கரியில் மூழ்கிக் கறுத்துப்போன டாம், அந்தப் பெண்ணிடமிருந்து தப்பிக்க, இழுத்து இழுத்துப் பேசும் கறுப்பின ஆளைப் போல நடிக்கிறான். அந்தக் கடைசி அரை நிமிடத்தால் படம் தொலைக்காட்சியில் வெட்டுப்பட்டது. 2013இல் வெளியிடுவதாக அறிவித்த டிவிடி தொகுப்பில் இந்தப் படத்தையும் 1951இல் வந்த இன்னொரு படத்தையும் விட்டுவிட்டார்கள். ரசிகர்கள் சண்டைக்குப் போக, தொகுப்பே வராமல் நின்றுபோனது. எல்லோரும் அந்தக் கடைசி அரை நிமிடத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு முதல் அரை நிமிடம்தான் மனதில் நிற்கிறது. ஒரு வீட்டைத் துடைத்து முடித்தவருக்கு, அதை உடனே யாரோ மிதித்து அழுக்காக்குவார்கள் என்ற பயம் இருக்குமே, அந்தக் குரலில் அது அப்படியே இருக்கும். லிலியனுக்கு அது எங்கேயோ தெரிந்திருக்கிறது.

மற்ற ஸ்டுடியோக்கள் இதைவிடத் தூரம் போயிருக்கின்றன. நியூயார்க்கின் ஃபிளெய்ஷர் ஸ்டுடியோவுக்கு ஜாஸ் இசைமேல் உண்மையான காதல் இருந்தது. காப் காலவேயையும் லூயி ஆம்ஸ்ட்ராங்கையும் 1932இலேயே பெட்டி பூப் படங்களுக்குக் கூட்டிவந்தார்கள். ஆம்ஸ்ட்ராங் வரும் படத்தில் அவரும் குழுவும் வாசிப்பதை நேரடியாகப் படம் பிடித்திருக்கிறார்கள். அதற்காக இன்றைக்கும் நன்றி சொல்லலாம். ஆனால் அதே படத்தில் அவருடைய தலை உடம்பில்லாமல் வானத்தில் பறந்து, நரமாமிசம் தின்னும் காட்டுவாசியின் தலையாக மாறி மாறித் துரத்துகிறது. காதலும் இழிவும் ஒரே சட்டகத்தில். 1941இல் வால்டர் லான்ட்ஸ் எடுத்த படமொன்றில் ஒரு ஊரே தூங்கி வழிகிறது, துணி துவைக்கிற பெண்கள்கூட அரைத் தூக்கத்தில் துவைக்கிறார்கள். நியூயார்க்கில் கறுப்பினத்தவர் வாழும் ஹார்லெமிலிருந்து வெளிர்நிறப் பெண்ணொருத்தி வந்து இறங்கியதும்தான் ஊர் விழிக்கிறது. 1948இல் அதை மறுபடி வெளியிட்டபோது என்ஏஏசிபி எதிர்ப்புக் கடிதம் எழுதியது, மறுவருடம் யுனிவர்சல் திரும்பப் பெற்றுக்கொண்டது. வார்னர் படங்களில் பதினொன்றை 1968இல், அவற்றின் உரிமையை வைத்திருந்த யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் மொத்தமாகத் தொலைக்காட்சியிலிருந்து எடுத்தது. அவற்றில் பாப் கிளாம்பெட் 1943இல் எடுத்ததற்குத் தூண்டுதலே ஜாஸ் இசைக்கலைஞர் டியூக் எலிங்டனின் மேடை இசை நாடகம்தான். குரல் கொடுத்தவர்களில் பலர் கறுப்பினக் கலைஞர்கள். ஓட்டமும் தாளமும் அசரவைக்கும். வரைந்த முகங்களைப் பார்த்தால் வயிற்றைப் புரட்டும்.

எல்லாக் கதையும் இப்படியே போவதில்லை. ஸ்பீடி கான்சாலஸ் என்ற மெக்சிகோ எலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1953இல் அறிமுகமாகி, 1955இல் உருமாறி, ஆஸ்கரும் வாங்கியவன். அவனைச் சுற்றி இருக்கும் எலிகள் சோம்பேறிகள், குடிகாரர்கள் என்பதால் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் 1999இல் அவன் படங்களை நிறுத்தியது. திரும்பப் போடுங்கள் என்று கேட்டது யார் என்றால், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருக்காகப் பேசும் அமைப்புகளே. 2002இல் அவன் திரும்ப வந்தான். பூனைகளை ஏமாற்றி, பசித்த தன் மக்களுக்குப் பாலாடைக்கட்டி கொண்டுவருபவன் அவன். வேகமானவன், புத்திசாலி, தோற்காதவன், அதைவிட முக்கியமாகக் கதையின் நாயகன். அந்த அம்மாவைத் திரும்பக் கொண்டுவா என்று அப்படி ஒரு கூட்டம் கிளம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்பதற்கு அவர் என்ன வைத்திருந்தார்? கதை அவருடையதாக ஒருநாளும் இருந்ததில்லை. வேகமாக ஓடுகிறவன் தன் ஊருக்காக ஓடினான். இவர் பூனையை விரட்டத்தான் ஓடினார்.

வரைகிற மேசைகளில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். டிஸ்னியில் நிலைத்து வேலை பார்த்த முதல் கறுப்பின அனிமேட்டர் என்று சொல்லப்படும் ஃபிளாய்ட் நார்மன் அங்கே சேர்ந்தது 1956இல். அந்த அம்மா திரையைவிட்டுப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது. இவாவோ டகமோட்டோ என்ற ஜப்பானிய அமெரிக்கர், இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்த மான்சனார் முகாமில் குடும்பத்தோடு இருந்தவர். அதே சமயத்தில் ஹாலிவுட் கார்ட்டூன்கள் ஜப்பானியர்களைக் கோரைப்பல்லும் சோடாபுட்டிக் கண்ணாடியுமாக வரைந்து தள்ளிக்கொண்டிருந்தன. அவர் முகாமில் அடைபட்டிருந்த இரண்டு ஓவியர்களிடம் படம் வரையக் கற்றுக்கொண்டு, 1945இல் டிஸ்னியில் சேர்ந்து, பின்னாளில் ஹன்னா பார்பெரா நிறுவனத்துக்கு வந்து ஸ்கூபி டூவை வடிவமைத்தார். அந்தக் கையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. 1940இல் எம்ஜிஎம் அறையில் அந்த அம்மாவின் வீட்டுப் பெண்களைப் போல ஒருத்தி பென்சிலோடு உட்கார்ந்திருந்தால் அந்த ஏப்ரனுக்கு மேலே என்ன வரைந்திருப்பாள் என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

2000களின் நடுவில் வார்னர் வெளியிட்ட டிவிடிகளில் படத்துக்கு முன்னால் ஒரு அறிவிப்பு வைத்தார்கள். கறுப்பின நடிகை ஊப்பி கோல்ட்பர்க் வந்து பேசுவார். இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு, ஆனால் இவற்றை மறைப்பது அந்த வெறுப்பே இருந்ததில்லை என்று சொல்வதற்குச் சமம் என்பது சாரம். எனக்கு இது சரியாகப் படுகிறது. வெட்டாதீர்கள், மேலே வேறு ஆளை ஒட்டாதீர்கள், லிலியன் ராண்டால்ஃபின் குரலை அழிக்காதீர்கள். அந்த 19 படங்களிலும் அவர் பெயரைப் போடுங்கள், இத்தனை நாள் போடாத பெயரை. குழந்தை பார்க்கிறதென்றால் பக்கத்தில் ஒருவர் உட்காருங்கள். ஒரு எட்டு வயதுக் கறுத்த பிள்ளை தன் முகத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அப்படித்தான் உட்கார்ந்தோம். என் மகள், நான், அம்மா. முழங்கால் தேய்ந்துபோனதால் அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. நான் போட்டது 1950இல் வந்த படம். அதில் அந்த அம்மா அலங்காரம் செய்துகொண்டு சனிக்கிழமை இரவு சீட்டாடப் போகிறார். டாம் தன் கூட்டாளிகளைக் கூப்பிட்டு வீட்டில் பாட்டுக் கச்சேரி வைக்கிறான். தூங்க முடியாத ஜெர்ரி போன் போட்டுச் சொல்ல, அவர் தெருவில் ஓடிவருகிறார். ஓடிவரும் அந்த இடத்தில் மட்டும், ஒரு கண் சிமிட்டும் நேரம், முகம் தெரியும். அந்தப் படங்களில் அப்படித் தெரிவது மிக அபூர்வம். நான் அங்கே நிறுத்தினேன்.

"அம்மா, மூஞ்சி இருக்கு!" என்றாள் மகள்.

அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் படத்தையும் ஓட்டச் சொன்னார். பூனைகளையெல்லாம் வெளியே தூக்கி எறிந்துவிட்டு, கடைசியில் அதே இசைத்தட்டை அந்த அம்மா தானே போட்டுச் சாய்ந்து உட்கார்ந்து கேட்கிறார். இவர் வேலை செய்பவரா, வீட்டுக்குச் சொந்தக்காரரா என்று அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்பவர்கள்கூட வாதம் செய்கிறார்கள் என்று நான் சொல்ல ஆரம்பித்தேன்.

"இதுல என்ன ஆராய்ச்சி? அவ வீடுதான்" என்றார் அம்மா. "வேலை பாக்குற வீட்டுக்குள்ள யாராச்சும் செருப்பு போட்டுக்கிட்டு நடப்பாங்களா?"

பிறகு பேத்தி பக்கம் திரும்பி, "அந்த ஓடியாற எடத்த இன்னொருக்கா போடு கண்ணு" என்றார்.